பாசி டீச்சர்

சங்கரன்கோவிலில் அவரைப் பாசி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பாசி என்பதும் தப்பு, டீச்சர் என்பதும் தப்பு. அவர் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர். அவர் ஆராய்ந்தது கடலுக்கடியில் பாறையிலும் கயிற்றிலும் தூணிலும் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு வகைப் பிராணி. பார்ப்பதற்குப் பழுப்பு நிறத்தில் சின்னக் கோழியிறகு மாதிரி இருக்கும். கடலில் இருந்து எடுத்துக் கையில் வைத்தால் யாராக இருந்தாலும் பாசி என்றுதான் சொல்லத் தோன்றும்.

டீச்சர் என்கிற தப்பை அவர் விட்டுவிடுவார். பாசி என்கிற தப்பை விடமாட்டார்.

என் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருநாள் நல்ல மனதோடு, "என்ன டீச்சர், உங்க பாசியெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"பாசி இல்ல அண்ணாச்சி, பிராணி. அதுக்கு வாய் இருக்கு."

"அப்படியா. பேசுமா?"

"பேசாது. அந்த விஷயத்துல நம்மளைவிட மேல்."

டீக்கடைக்காரர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு தகவலைச் சொல்லிவிட்ட திருப்தியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

என் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத வீதியில் ஜெராக்ஸ், டிடிபி, கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் செய்யும் கடை. ஆளுயர ஃப்ளெக்ஸ் படங்களைத் திறக்க நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்பதால் ஊரிலேயே அதிக மெமரி உள்ள கம்ப்யூட்டர் என்னிடம்தான் இருந்தது. அதுதான் டீச்சரை என் கடைக்குக் கொண்டுவந்தது. கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையைச் சாயங்காலம் நாலரை மணிக்குப் பூட்டிவிடுவார்கள். டீச்சரின் வேலை நாலரைக்கு முடியக்கூடியது அல்ல.

முதன்முதலில் அவர் வந்தது ஒரு பென் டிரைவோடு. அதில் ஒரு மரம் இருந்தது. கிளை கிளையாகக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு லத்தீன் பெயர். ஏதோ மாநாட்டில் ஒட்டுவதற்குப் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்றார். நான் கலைக் கண்ணோடு பார்த்தேன். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இந்தப் பக்கம் கிளை நெருக்கம், அந்தப் பக்கம் மொட்டை. பத்து வருஷமாகக் காதணி விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன்மார்களை அளவாக நிறுத்தி வைத்த கை எனக்கு. சும்மா இருக்குமா? ஒரே மாதிரிப் பெயர் உள்ளவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி, இரண்டு பக்கமும் சரிசமமாக ஆக்கி, ஓரத்தில் மெல்லிசாக ஒரு பூ பார்டரும் போட்டு அச்சடித்து வைத்தேன்.

டீச்சர் அதைத் தரையில் விரித்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, இதுவும் இதுவும் அண்ணன் தம்பின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பேரு ஒண்ணா இருக்குல்லா டீச்சர்."

"இந்த ஊர்ல பாதிப் பேருக்குச் சங்கரன்னு பேரு. எல்லாரும் ஒரு வயித்துல பிறந்தவங்களா?"

அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. அவருக்கு என்னைப் பிடித்ததா என்று தெரியாது. பூ பார்டரை மட்டும் இருக்கட்டும் என்றார்.

விஷயம் இதுதான். நூறு நூற்றைம்பது வருஷமாக அந்தப் பிராணிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாம் கண்ணால் பார்த்து வைத்தவர்கள். இது இறகு மாதிரி, அது புதர் மாதிரி, இதன் உடம்பில் வரிசையாக இருக்கும் சின்னக் கிண்ணங்கள் ஆழம், அதன் கிண்ண விளிம்பில் பல் அதிகம் என்று ஜாடை பார்த்து, ஒரே ஜாடையில் இருப்பவற்றை ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். டீச்சர் அந்தப் பிராணியின் உடம்புக்குள் இருக்கும் மரபணுவில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, அதன் எழுத்து வரிசையைப் பார்த்து, யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்வார். மொத்தம் நாலே எழுத்து. அந்த நாலும் மாறி மாறி அறுநூறு இடத்தில் நிற்கும். சொந்தக்காரர்களுக்கு எழுத்து ஒத்துப்போகும். தூரத்து ஆள் என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஐம்பது அறுபது இடத்தில் மாறும். ஜாடை ஏமாற்றும், எழுத்து அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியை அவர் கடலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் பிரச்சினை இல்லை.

என் தங்கை பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். மண்டபத்தில் நான் போட்ட ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தங்கையின் மாமியார், "மூக்கைப் பாரு, அப்படியே எங்க வீட்டு மூக்கு" என்றார். என் சித்தி, "மூக்கு உங்களுதா? கண்ணும் நெத்தியும் எங்க ஜாடை" என்றார். பேச்சு கொஞ்சம் சூடானது. டீச்சர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்துகொண்டிருந்தார். சித்தி அவரை நிறுத்தி, "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க டீச்சர். பிள்ளை யாரு ஜாடை?" என்றார்.

டீச்சர் பிள்ளையை உற்றுப் பார்த்தார்.

"ஜாடையை வச்சு அப்பா யாருன்னு முடிவு பண்ண முடியாதும்மா."

அந்த இடத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் அப்படியே நின்றார்கள். என் மச்சான் கையில் ஐஸ்கிரீம் உருகியது. டீச்சர் தான் சொன்னது புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விளக்கமும் சொன்னார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

தங்கை ஒன்றரை மாதம் என்னோடு பேசவில்லை. இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் பொதுவாத்தானே சொன்னேன் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லால் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

மாதத்துக்கு ஒருமுறை அவர் தூத்துக்குடிக்குப் போவார். கோவில்பட்டியில் பஸ் மாறி, காலையில் கடல் உள்வாங்கும் நேரத்துக்குப் போய்ப் பாறையிலும் துறைமுகத் தூணிலும் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக்கொண்டு வருவார். பாதி சின்னச் சின்ன ஸ்பிரிட் பாட்டில்களில், பாதி ஒரு கேன் கடல் தண்ணீரில் உயிரோடு. ஒருமுறை வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. போலீஸ்காரர் ஒருவர் டீச்சரின் பையைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்திருக்கிறது.

"என்னம்மா இது?"

"ஆல்கஹால் சார்" என்றிருக்கிறார் டீச்சர். வேறு யாராக இருந்தாலும் மருந்து என்று சொல்லியிருப்பார்கள்.

"உள்ள என்ன கிடக்கு?"

"பிராணி."

"ஊறப் போட்டிருக்கியளா?"

"ஆமா சார்."

போலீஸ்காரர் ஒரு பாட்டிலை மோந்து பார்த்து, இதைக் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாராம். அவர் விசாரணைக்காகக் கேட்டாரா, ஆர்வத்தில் கேட்டாரா என்று டீச்சரால் முடிவு செய்ய முடியவில்லை. கண் போய்விடும் என்று சொன்னதும் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் சீட்டுக்கடியில் கேன் சாய்ந்து, பஸ் முழுக்கக் கடல் தண்ணீர். கண்டக்டர், "கடல் இல்லாத ஊருக்குக் கடலை எதுக்கும்மா தூக்கிட்டுப் போறீக?" என்று சங்கரன்கோவில் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாராம்.

நியாயமான கேள்விதான். நான்கூடக் கேட்டிருக்கிறேன். கரிசல் காட்டுக்கும் பவர்லூம் சத்தத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கடல் பிராணியைப் படிப்பானேன்? அவர் பதில் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார். "நம்ம கோவில்ல ஒரு உடம்புல ரெண்டு சாமி. பாதி சிவன், பாதி பெருமாள். இல்லையா? இது ஒரு உடம்புல ரெண்டாயிரம் பேரு. ஒருத்தன் சாப்பிடுதான், ஒருத்தன் காவல் காக்கான், ஒருத்தன் பிள்ளை பெத்துக் குடுக்கான். குடல் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. இங்க ஒருத்தன் சாப்பிட்டா அங்க ஒருத்தனுக்கு வயிறு நிறையும்."

"சண்டை வராதா டீச்சர்?"

"இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

ஒரு வருஷம் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில்தான் அவருடைய பெரிய கணக்கு என் கம்ப்யூட்டரில் ஓடியது. கணக்குப் போடுகிற நிரல் லட்சக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எந்த மரம் எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று சொல்லும். நாலு நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். 'தொடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. திருவிழாவுக்கு வரவேற்பு ஃப்ளெக்ஸ் கேட்ட சங்கத் தலைவர் ஒருவர் வந்து, "என் படம் எங்க வே?" என்றார். "கம்ப்யூட்டர் கடல்ல இருக்கு அண்ணாச்சி, ரெண்டு நாள் ஆகும்" என்றேன். அவர் இப்போதும் வேறு கடையில்தான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்.

கணக்கு முடிந்த அன்று டீச்சர் சாயங்காலம் வந்தார். மரத்தைத் திரையில் பார்த்தார். ஒரு கிளையின் நுனியில் அவர் பார்வை நின்றது. "இன்னொரு தடவை ஓட்டுங்க தம்பி" என்றார். ஓட்டினேன். நாலு நாள் கழித்து வந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டச் சொன்னார். மூன்று தடவையும் அதே மரம்.

மூன்றாம் தடவை ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் சொன்னார்.

அவருடைய பிஎச்டியே ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்ததுதான். தூத்துக்குடி அலைதடுப்புப் பாறையில் அவர் எடுத்த இறகு, ஏற்கெனவே தெரிந்த ஒரு பழைய இனம் மாதிரியே இருந்தது. ஆனால் பழைய இனத்தின் கிண்ண விளிம்பில் ஒன்பது பல். இதில் ஏழு. தண்டும் குட்டை, கெட்டி. ஆகவே புது இனம் என்று அறிவித்து, தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியரான கைடின் பெயரையே லத்தீனில் வைத்தார். கைடு, வேலையில் இருந்து ஓய்வு பெற்று, வாசுதேவநல்லூரில் எலுமிச்சைத் தோப்போடு இருந்தார். கேட்டுத் தூணில் கல்லில் தன் பெயர், அதற்குக் கீழே பட்டங்கள், அதற்கும் கீழே அந்த லத்தீன் பெயர். உலகத்தில் அந்தப் பெயர் உள்ள ஒரே ஜீவன்.

எழுத்து வரிசைப்படி அப்படி ஓர் இனமே கிடையாது. பழைய இனம்தான் அது. அமைதியான தண்ணீரில் தூணில் வளர்ந்தால் நெட்டையாக, ஒன்பது பல்லோடு வளர்கிறது. அலை மொத்துகிற பாறையில் குட்டையாக, ஏழு பல்லோடு வளர்கிறது. அவ்வளவுதான்.

"இது வேற யாருக்காவது தெரியுமா டீச்சர்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"அப்போ..." என்று இழுத்தேன். நான் வியாபாரி. என் புத்தி அப்படித்தான் போகும்.

"மூணு தடவை எதுக்கு ஓட்டினேன்னு நினைக்கீங்க? மாறிடாதாங்கிற ஆசையிலதான்" என்றார். "போதும். வர்ற ஞாயித்துக்கிழமை போய்ச் சார்கிட்ட சொல்லப் போறேன். ஆராய்ச்சிப் பேப்பர்ல வந்தப்புறம் அவங்க காதுக்குப் போனா அது நல்லா இருக்காது."

கைடின் எழுபதாவது பிறந்தநாளை அந்த மாதமே பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து கொண்டாடுவதாக இருந்தார்கள். ஃப்ளெக்ஸ் என் கடைக்குத்தான் வந்திருந்தது. படத்துக்குக் கீழே அந்த லத்தீன் பெயர் பெரிய எழுத்தில். விழா முடிந்த பிறகு போய்ச் சொல்லலாமே என்றேன். "விழாவுல அதைச் சொல்லிக் கைதட்டுவாங்க தம்பி. தெரிஞ்சுக்கிட்டே நானும் தட்டணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில்தான் போனோம். ஃப்ளெக்ஸ் மாதிரியைக் காட்ட வேண்டும் என்ற சாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டார். கைடு நெட்டையான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. மரத்தை மேஜையில் விரித்து, நேராகச் சொல்லிவிட்டார்.

கைடு அதைப் பார்க்கவே இல்லை.

"பல் எத்தனை?"

"ஏழுதான் சார்."

"அன்னைக்கும் ஏழு, இன்னைக்கும் ஏழு. நானும் எண்ணினேன், நீயும் எண்ணினே. இந்தக் கண்ணு பொய் சொல்லுதாம்மா?"

"கண்ணு பொய் சொல்லல சார். அலை அடிக்கிற இடத்துல ஏழு, அடிக்காத இடத்துல ஒன்பது."

"நீ வேற எதையாவது சுரண்டி எடுத்திருப்பே."

"அதே பாறைதான் சார்."

கைடு எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். கேட்டுத் தூணைத் தாண்டும்போது டீச்சர் அந்தக் கல்லைப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

மறுநாள் கைடு எனக்குப் போன் செய்தார். "அந்த வரி ஃப்ளெக்ஸ்ல இருக்கணும் வே." ஒரு மணி நேரத்தில் டீச்சர் வந்து, "அந்த வரியை எடுத்துருங்க தம்பி" என்றார். நான் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டு இரண்டு ஃப்ளெக்ஸ் அடித்தேன். மண்டபத்தில் எதைக் கட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

விழாவுக்கு டீச்சர் வந்தார். வராமல் இருப்பார் என்று நினைத்தேன். பந்தியில் பாயசம் பரிமாறினார். அப்புறம் மேடையில் யாரோ அவரைக் கூப்பிட்டு அந்த இனத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தார். கைடு மாலையோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"சாருக்குக் கண்ணு கூர்மை. அவங்க எண்ணினதை நான் திரும்ப எண்ணிப் பாத்திருக்கேன், ஒரு தடவைகூடத் தப்பு இல்ல. அந்த இனத்தைப் பத்தி மட்டும் இன்னைக்கு நான் எதுவும் சொல்ல முடியாது. மன்னிச்சுருங்க."

இறங்கிவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டினார்கள். நான் தட்டவில்லை, என் கையில் பாயசக் கிண்ணம் இருந்தது.

கல்லூரி நிர்வாகத்தில் செல்வாக்கானவர் ஒருவர் கைடின் நெடுநாள் சிநேகிதர். கைடு அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. டீச்சருக்கு வர வேண்டிய இணைப் பேராசிரியர் பதவி அந்த வருஷம் அவருக்கு இரண்டு வருஷம் இளையவருக்குப் போனது. அதற்கான வாழ்த்து ஃப்ளெக்ஸும் என்னிடம்தான் வந்தது. டீச்சர் அதைத் திரையில் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்தச் சொல்லிவிட்டுத் தன் ஃபைலைத் திறந்தார். அந்தப் பதவி அவருக்கு அப்புறமும் வரவில்லை. பின்னாளில் ஊரை விட்டுப் போய்க் கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டார். இப்போது கேனில் தண்ணீர் தூக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

விழா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் கைடு குடையோடு என் கடைக்கு வந்தார். இரவும் பகலும் மைக்ராஸ்கோப்பில் வைக்கும் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து எண்ணிக்கொண்டே இருந்திருப்பார் போல, கண் சிவந்திருந்தது.

"எத்தனை தடவை எண்ணினாலும் ஏழுதான் வே. ஆனா அவ பொய் சொல்ல மாட்டா. இருபது வருஷமா எனக்குத் தெரியும். ரெண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையா இருக்கும்னு நான் பாக்கணும். கடலுக்குப் போறோம். நீரும் வாரும். நான்தான் எடுப்பேன். அவ தொடக்கூடாது."

பழைய தகடுகளையே சோதிக்கலாமே என்று டீச்சரிடம் கேட்டேன். அவை ஃபார்மலினில் கிடந்தவை, எழுத்து ஒன்றும் தேறாது என்றார். ஆகவே ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் கைடு முன் சீட்டில், டீச்சர் பின் சீட்டில், இருவருக்கும் தகவல் சொல்லும் வேலை எனக்கு.

அலைதடுப்புப் பாறையில் எழுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாறை வழுக்கியது. நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தடவை அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. டீச்சர் மேலே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் மாதிரி நின்றார். கைடு இடுக்கியால் ஓர் இறகைப் பிடுங்கி, பூதக்கண்ணாடியில் பல்லை எண்ணி, "ஏழு" என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"சரி சார்" என்றார் டீச்சர்.

பாட்டிலில் போட்ட பிறகு கைடு கொஞ்சம் தயங்கினார்.

"ஏம்மா, ஸ்பிரிட் எவ்வளவு ஊத்தணும்?"

"கழுத்து வரைக்கும் சார்."

அதுதான் இரண்டு மாதத்தில் கைடு டீச்சரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. துறைமுகத் தூணில் இருந்தும் இரண்டு மாதிரிகள் எடுத்தார். மூன்று மூடிகளிலும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் நேரே எழுத்து வரிசை எடுத்துத் தரும் ஒரு பெங்களூர் கம்பெனிக்குக் கூரியரில் அனுப்பினேன். மரபணுவைப் பிரிக்கிற வேலையையும் அவர்களே செய்தார்கள். டீச்சரின் விரல்கூடப் படவில்லை.

முடிவு வந்த அன்று கைடு காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். கணக்குப் போடுகிற நிரல் எல்லாம் வேண்டாம் என்றார். பாறையில் எடுத்ததை ஒரு வரியாகவும் தூணில் எடுத்ததை அதற்குக் கீழே ஒரு வரியாகவும் அச்சடித்துத் தரச் சொன்னார். ஸ்கேலை வைத்துக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு, எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தொடங்கினார். டீச்சர் மதியம் கல்லூரியில் இருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

மூன்று மணி வாக்கில் கைடு நிமிர்ந்தார். இரண்டு எழுத்துகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"ரெண்டு இடத்துல மாறுது."

அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அன்றுதான் பார்த்தேன். டீச்சர் இன்னொரு தாளை நகர்த்தினார். தூணில் எடுத்த இரண்டு மாதிரிகளும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டும் ஒன்பது பல், இரண்டும் பழைய இனம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லாதவை. கைடு மறுபடியும் ஸ்கேலை வைத்தார். ஐந்து மணி ஆனது. அந்தத் தாளில் மூன்று வட்டங்கள் விழுந்தன.

ஒரு தூணில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவற்றுக்கு மூன்று வித்தியாசம். பாறைக்கும் தூணுக்கும் இரண்டு.

கைடு பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"கட்டுரையை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் சார். அனுப்பல."

"ஏன்?"

"உங்க கையால எடுத்தது வரட்டும்னு இருந்தேன்."

அவர் ரத வீதிப் பக்கம் திரும்பினார். அப்புறம், "முதல் பேரு என்னுதா இருக்கணும்" என்றார்.

எழுபது வயதில், தன் பெயரை அழிக்கிற கட்டுரையிலும் மனிதர் முதல் இடம் கேட்கிறார். டீச்சர் வாங்கியதெல்லாம் போதாதா? பேசாமல் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால்கூட நான் தப்பாக நினைத்திருக்க மாட்டேன்.

"முடியாது சார்" என்றார் டீச்சர். "நீங்க மாதிரி எடுத்தீங்க, சரிபாத்தீங்க. ரெண்டாவது பேருக்கு அது போதும்."

"அது என் பேரும்மா. என் பேரை அழிக்கதுக்கு எனக்கு உரிமை இல்லையா?"

"பேரு உங்களுது சார். தப்பு என்னுது. புது இனம்னு எழுதினது நான். இல்லைன்னும் நான்தான் எழுதணும்."

கைடு அவரையே பார்த்தார். டீச்சர் பார்வையைத் தாழ்த்தவில்லை. அழுதுகொண்டிருந்தார், ஆனாலும் தாழ்த்தவில்லை.

கைடு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவதாவே போடும் வே. இனிஷியலை மட்டும் ஒழுங்காப் போடும். போன தடவை ஃப்ளெக்ஸ்ல ஒரு புள்ளியைக் காணோம்."

நான் ஃபைலைத் திறந்து, டீச்சர் பெயருக்குப் பக்கத்தில் கமா போட்டு அவர் பெயரை அடித்தேன். இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, என் இரண்டு தோளுக்கும் மேலாகக் குனிந்து, புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார்கள்.